நாலு மணிக்கு வராவிட்டால்

எங்கள் தீபகற்பத்தில் மலை கிடையாது. கீரிமலை என்று ஓர் ஊர் இருக்கிறது. போய்ப் பார்த்தால் கேணியும் கடலும்தான். வல்வெட்டித்துறையில் எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் தெரிகிற ஆகப் பெரிய உயரம் ஒரு தண்ணீர்த் தாங்கி. இப்படிப்பட்ட ஊருக்குத்தான் என் சின்ன மாமா கனடாவிலிருந்து மலையேறும் சப்பாத்து, மலையேறும் பை, மலையேறும் கைத்தடி இரண்டு என்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். எனக்கு அப்போது பதினொரு வயது. சண்டை முடிந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது.

சின்ன மாமா அம்மாவின் தம்பி. பதினெட்டு வயதில் போனவர், முதல் தடவையாக ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்திருந்தார். அம்மாவுக்கு ஓர் அண்ணனும் இருந்தார். எனக்கு இரண்டு வயதாக இருந்தபோது ஒரு நாள் காலை வெளியே போன அந்தப் பெரிய மாமா திரும்பி வரவில்லை. அவருடைய படம் எங்கள் வீட்டு விறாந்தையில் தொங்கியது. மாலை போடுவதா வேண்டாமா என்று யாரும் முடிவெடுக்காததால் மாலை இல்லாமலே இருந்தது. அவரைப் பற்றி வீட்டில் கதைப்பது குறைவு.

சின்ன மாமாவைப் பார்க்க முதல் வாரம் முழுவதும் சனம் வந்தது. அவரும் கதிரையில் இருந்து, வருகிறவர்களோடு சிரித்து, கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டார். எட்டாம் நாள் காலை, கால் இரண்டும் மரத்துப்போய்விட்டன, நடக்க வேண்டும் என்றார். அங்கே சனி ஞாயிறு வந்தால் காட்டுக்குள்ளும் மலையிலும் இருபது கிலோமீற்றர் நடப்பாராம். அப்பா ஓட்டோ ஓட்டுகிறவர். காரணமில்லாமல் ஒரு மனிதன் நடப்பதை அவரால் சீரணிக்க முடியவில்லை.

“ஏன் மச்சான், அங்கை பஸ் இல்லையோ?”

“இருக்கு அத்தான். நடக்கிறதுக்காகத்தான் நடக்கிறது.”

அப்பா தன் ஓட்டோவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எல்லாரும் உப்பிடி வெளிக்கிட்டால் தன்னுடைய பிழைப்பு என்னாகும் என்று கேட்டார்.

அன்று பின்னேரம் மாமா விறாந்தையில் பாயை விரித்துத் தன் சாமான்களைப் பரப்பினார். நான் பக்கத்திலே குந்திக்கொண்டேன். ஒவ்வொன்றையும் தூக்கி அது எதற்கு என்று சொல்லிச் சொல்லிப் பைக்குள் வைத்தார். பாரமானது முதுகோடு ஒட்டி இருக்க வேண்டும், அடிக்கடி எடுப்பது மேலே இருக்க வேண்டும். இரண்டு லீற்றர் தண்ணீர். திசைகாட்டி. பற்றரி போட்ட நெற்றி லைற். காயத்துக்குக் கட்டுகிற சாமான் ஒரு சின்னப் பெட்டியில். விறைத்துப் போகாமல் உடம்பைச் சுற்றிக்கொள்ள வெள்ளிக் கடதாசி போல ஒரு போர்வை. வெளியே வெயில் முப்பத்தைந்து பாகையில் கொளுத்திக்கொண்டிருந்தது. அதைக் கேட்டபோது, பட்டியலில் உள்ளது எல்லாம் பையில் இருக்க வேண்டும், அதுதான் முறை என்றார். கடைசியாக ஒரு செம்மஞ்சள் விசில். ஆபத்து என்றால் மூன்று தரம் ஊத வேண்டும், நிறுத்தி மறுபடி மூன்று. உலகம் முழுவதும் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று சொன்னார்.

நான் வகுப்பு மொனிற்றர். சட்டம் என்று ஏதாவது இருந்தால் எனக்குச் சாப்பாடே வேண்டாம். மாமாவின் சட்டங்களை அன்றைக்கே பாடமாக்கிவிட்டேன். ஆனால் அவற்றுள் முதலாவது சட்டம் எங்கள் வீட்டுக்குள் நுழைய முடியாமல் வாசலிலேயே நின்றது.

அந்தச் சட்டம் இதுதான்: எங்கே போகிறாய், எந்த வழியாகப் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ. எங்கள் பக்கத்துச் சனத்தைத் தெரிந்தவர்களுக்கு இதிலுள்ள சிக்கல் விளங்கும். வெளிக்கிடுகிற ஆளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. மிஞ்சி மிஞ்சிப் போனால் “தூரத்துக்கோ?” என்று கேட்கலாம். அவரும் “ஓம், உதிலை ஒருக்கா” என்று கையை எந்தத் திசையிலும் சேராமல் ஆட்டிவிட்டுப் போவார். வழக்கமாக எல்லா வீட்டிலும் இது இருந்ததுதான், ஆனால் அம்மா அதை மற்றவர்களைவிட இரண்டு மடங்கு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடம் போகும்போதுகூட, எங்கே போகிறேன் என்று உலகத்துக்கே தெரிந்திருந்தும், அம்மா கேட்க மாட்டார்.

“அக்கா, நாளைக்கு நான் போறது எங்கையெண்டால்...” என்று மாமா தொடங்கினார்.

“வேண்டாம். சொல்லாதை.”

“சொல்லாட்டில் எனக்கொண்டு நடந்தால் எங்கை தேடுவியள்?”

“ஒண்டும் நடக்காது. வாயாலை உப்பிடிச் சொல்லாதை. ஆள் நடந்த தடத்திலை நட. புல்லு மூடிக் கிடக்கிற இடத்திலை கால் வையாதை.”

“ஓமோம், அங்கையும் அதுதான் சட்டம்” என்றார் மாமா சந்தோஷமாக. “பாதையை விட்டு விலகினால் செடியள் மிதிபட்டுப்போம்.”

அம்மா அவரை ஒரு தரம் பார்த்தார். நிலத்துக்குள் புதைந்து கிடக்கும் மிதிவெடிகளைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படம் காட்டிப் படிப்பித்திருந்ததால் எனக்கு அம்மா சொன்னது விளங்கியது. மாமாவுக்கு விளக்குவது மரியாதையில்லை என்று பேசாமல் இருந்தேன்.

வாயால் சொல்லத்தானே தடை, எழுதினால் என்ன என்று மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். இரவு ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி நாலாக மடித்து, காலையில் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். விடியப்புறம் ஐந்து மணி.

“பிள்ளை, நீதான் இண்டைக்குப் பொறுப்பு. நாலு மணிக்கு நான் வராட்டில் ஒரு மணித்தியாலம் பார். அஞ்சு மணிக்கும் வராட்டில் இதைப் பிரிச்சு அப்பாட்டைக் குடு. அதுக்கு முதல் பிரிக்கக்கூடாது.”

நான் திருப்பிச் சொன்னேன். பிழையில்லாமல் சொன்னேனா என்று சரிபார்த்தார். பிறகு “போட்டு வாறன் அக்கா” என்றார். அம்மா அவர் நெற்றியில் திருநீறு பூசினார். மாமா தடியிரண்டையும் ஊன்றி ஊன்றித் தார் வீதியில் நடந்துபோனார். தெருநாய் ஒன்று கொஞ்சத் தூரம் குரைத்துக்கொண்டு பின்னால் போனது. அவர் மூலை திரும்பியதும் அம்மா என் கையிலிருந்த தாளை வாங்கி, சாமியறையில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார்.

“அது என்ரை பொறுப்பு” என்றேன்.

“பிள்ளையார் பாப்பார். நீ போய் முகத்தைக் கழுவு.”

அன்றைய பகல் எனக்கு மணிக்கூட்டுக்கு முன்னால்தான் கழிந்தது. இரண்டு மணிக்கு அம்மா சோறும் விளைமீன் குழம்பும் ஒரு கோப்பையில் போட்டு மூடி வைத்தார். மூன்றரைக்கு நான் அப்பாவின் பழைய போனில் மாமாவின் இலக்கத்தை அழுத்தினேன். தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் மூன்று மொழியில் சொன்னார். நாலு மணி ஆனது. சோளகக் காற்று மண்ணை வாரி முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா வழக்கமாக அந்த நேரத்தில் கூட்டுவார், அன்று விளக்குமாற்றைத் தொடவில்லை. நாலரைக்கு அப்பா ஓட்டோவைக் கொண்டுவந்து விட்டார்.

“மச்சான் வந்திட்டானோ?”

“வருவான்” என்றார் அம்மா.

“எந்தப் பக்கம் போனவன்?”

அம்மா மூடி வைத்த கோப்பையைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினார். அப்பா என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது. இரண்டு கைத்தடியோடும் ஒரு வெள்ளிப் போர்வையோடும் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் பதினொன்றரை மணித்தியாலமாக நடந்துகொண்டிருந்தார். எங்கே என்பது பிள்ளையாருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

ஐந்து மணிக்கு நான் சாமியறைக்குள் ஸ்ரூலைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏறிப் படத்தை எட்டும்போது அம்மா வந்து என் கையைப் பிடித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பிடி மட்டும் இறுகியிருந்தது.

“எடாதை பிள்ளை.”

“அஞ்சு மணியாச்சு அம்மா. மாமா சொன்னவர்.”

“வெளிக்கிட்ட ஆள் திரும்பி வரமுதல் உதை வாசிக்கக்கூடாது. வந்திடுவான். இன்னும் கொஞ்சம் பாப்பம்.”

“பாத்து என்ன செய்யிறது? உது மூடநம்பிக்கை அம்மா. எங்கடை விஞ்ஞான ரீச்சரும் சொன்னவா.”

அம்மாவின் முகத்தில் இருந்ததை நான் கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். கையை உதறிக்கொண்டு தாளை எடுத்தேன், முற்றத்துக்கு ஓடினேன், பள்ளிக்கூடத்தில் தேவாரம் சொல்கிற குரலில் சத்தமாக வாசித்தேன். ஐந்து மணி வீடு. கடற்கரை வீதி. ஏழரை பருத்தித்துறை வெளிச்சவீடு. பத்தரை மணற்காடு. மணல்மேடு ஏறி, சவுக்குக் காட்டை ஊடறுத்துப் பெரிய வீதி. இரண்டு மணி பஸ். நாலு மணி வீடு. வராவிட்டால் முதலில் தேட வேண்டிய இடம், மணல்மேட்டுக்கும் சவுக்குக் காட்டுக்கும் இடையில்.

அப்பா ஓட்டோவை உதைத்துக் கிளப்பினார். தாளை நான் கொடுக்க மறுத்ததால் என்னையும் ஏற்ற வேண்டியதாயிற்று. படலைக்கு வெளியே திரும்பும்போது பார்த்தேன், அம்மா சாமியறையை விட்டு வெளியே வரவில்லை.

மணற்காட்டில் தோணிக்குப் பக்கத்தில் வலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் அப்பா விசாரித்தார். பெரிய பையோடு ஒருவர் காலையில் போனதைக் கண்டதாகச் சொன்னார். கதிர்காமத்துக்கு நடக்கிற நேர்த்திக்காரர் வழி தவறி இந்தப் பக்கம் வந்துவிட்டார் என்று நினைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தாராம்.

“விசில் ஏதும் கேட்டதோ?” என்றேன் நான்.

“விசிலோ? மத்தியானம் முழுக்கக் கேட்டது பிள்ளை. அங்காலை பெடியள் பந்தடிக்கிறாங்கள் எண்டு நினைச்சம். உந்த வெயிலுக்கை என்ன மட்ச் எண்டு சிரிச்சனாங்கள்.”

எங்கள் வடமராட்சிப் பக்கத்தில் விசில் சத்தம் கேட்டால் யாருக்கும் வேறொன்றும் தோன்றாது. மூன்று தரம் ஊதினால் ஓவ்சைட் கொஞ்சம் கடுமையாக நடக்கிறது என்றுதான் நினைப்பார்கள். மாமாவின் உலகப் பொதுச் சட்டம் எங்கள் ஊரின் பந்தடிக்கு முன்னால் ஐந்து மணித்தியாலம் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது.

அந்தத் தோணிக்காரரும் வேறு இரண்டு பேரும் எங்களோடு வந்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. காற்று அடித்து மாமாவின் காலடித் தடமெல்லாம் மூடிப்போயிருந்தது. தாளில் சொன்னபடி மணல்மேட்டின் பின்பக்கம் இறங்கி, சவுக்கு மரங்களை நோக்கிப் பிரிந்து நடந்தோம். ஒரு கிளையில் வெள்ளிப் போர்வை மாட்டிக்கொண்டு படபடத்தது. அதிலிருந்து அதிக தூரமில்லாமல், ஒரு பற்றையின் பெயருக்கு மட்டும் இருந்த நிழலில் மாமா கிடந்தார்.

ஒரு கால் சப்பாத்து கழற்றியிருந்தது. கணுக்கால் வீங்கிப் பப்பாப்பழம் போல் இருந்தது. மணல் சரிந்து கால் பிரண்டது பதினொரு மணிக்கு என்று பிற்பாடு சொன்னார். வரைபடம் பார்த்துப் பார்த்துப் போனின் பற்றரி அதற்கு முன்னமே முடிந்துவிட்டதாம். கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டே நடந்திருந்தால் போனும் தேவையில்லை, திசைகாட்டியும் தேவையில்லை; குறுக்குவழி என்று உள்ளே இறங்கியதுதான் வினை. தண்ணீர் பன்னிரண்டு மணிக்குத் தீர்ந்திருந்தது. இதெல்லாம் பின்னால் தெரிந்தவை. அந்த நேரம் அவர் உதடு வெடித்து, கண் பாதி திறந்து, உடம்பு நெருப்பாகச் சுட்டது. வியர்வையே இல்லை. நான் குனிந்து “மாமா” என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்த்து “அக்கா” என்றார். பிறகும் “அக்கா” என்றார். சட்டம், பொறுப்பு, மொனிற்றர்த்தனம் எல்லாம் என்னை விட்டுப் போய் நான் அழத் தொடங்கினேன்.

தோணிக்காரர்கள் அவரைத் தூக்கினார்கள். ஒருவர் சாரத்தை அவிழ்த்துத் தண்ணீரில் நனைத்து மாமாவின் மேல் போர்த்திவிட்டு, காற்சட்டையோடு வந்தார். அப்பா ஓட்டோவை அவ்வளவு வேகமாக ஓட்டியதை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். ஏழரை மணியளவில் இளம் டொக்டர் ஒருவர் வெளியே வந்து, ஆள் தப்பிவிட்டார் என்றார். அடுத்த நாள் விடியத்தான் கொண்டுவந்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார்.

“எப்பிடி அந்த இடத்துக்கு நேரை போனியள்?”

அப்பா என்னைக் காட்டினார். நான் தாளைக் காட்டினேன். டொக்டர் வாங்கி வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“எங்கை போறார் எண்டு வீட்டிலை தெரிஞ்சிருந்தது. அதாலைதான் ஆள் தப்பினது” என்றார்.

அந்த வசனத்தை நான் வீடு போய்ச் சேரும்வரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். அழுதது மறந்துவிட்டது. படலையைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றார். ஓட்டோவில் மாமா இல்லாததைக் கண்டு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்பா இறங்கமுதலே “சுகமா இருக்கிறான், பயப்பிடாதையும், நாளையிண்டைக்கு விடுவினம்” என்றார். அம்மா படலையை விட்டுக் கையை எடுத்தார்.

அதோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை.

“பாத்தியளோ அம்மா? எங்கை போறார் எண்டு தெரிஞ்சதாலைதான் மாமா தப்பினவர். டொக்டரே சொன்னவர். கேட்டால் ஒண்டும் நடக்காது. கேளாமல் விட்டால்தான் ஆளைத் துலைக்க வேண்டிவரும்.”

அம்மா படலையைச் சாத்தினார்.

“ஓம் பிள்ளை” என்றார். “சாப்பாடு போட்டிருக்கிறன், சாப்பிடு.”

அன்று அம்மா சாப்பிடவில்லை. தம்பியை நினைத்துத்தான் என்று நான் முடிவுகட்டினேன். மாமா ஒரு கிழமை நொண்டிக்கொண்டு திரிந்துவிட்டுக் கனடாவுக்குப் போனார். விசிலை எனக்குத் தந்துவிட்டுப் போனார். நான் என் வெற்றியோடு நிற்கவில்லை. ஒரு கொப்பியில் கோடு போட்டு, பெயர், போகும் இடம், திரும்பும் நேரம் என்று தலைப்பு எழுதி, பேனையை நூலில் கட்டி வாசலில் தொங்கவிட்டேன். அப்பா இரண்டு நாள் “உலகம் சுற்ற” என்று எழுதிப் பகிடி பண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டார். அம்மா மட்டும் ஒரு நாளும் தவறாமல் எழுதினார். சந்தை, ஒன்பதரை. கோயில், ஏழு. நான் வெளிக்கிடும்போது வந்து நின்று, எங்கை போறாய், எத்தினை மணிக்கு வருவாய் என்று கேட்கவும் தொடங்கினார். ஒவ்வொரு தரமும் கேட்கும்போது அவருடைய குரல் சரியாக வராது. பழக்கமில்லாததால் அப்படி என்று நினைத்தேன். அம்மாவைத் திருத்திவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது, காணாமல் போனவர்களைப் பற்றிப் புதிதாக ஒரு விசாரணை நடக்கிறது என்று அம்மா ஒரு படிவம் கொண்டுவந்தார். எத்தனையாவது படிவம் என்று அவருக்கே கணக்கில்லை. கண் தெளிவில்லை, நீ நிரப்பு என்றார். பெரிய மாமாவின் பெயர், பிறந்த திகதி, உயரம், கடைசியாக உடுத்திருந்த சேட்டின் நிறம் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு போனேன். அம்மா எல்லாவற்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னார். வீட்டை விட்டு வெளியேறும்போது எங்கே போவதாகச் சொன்னார் என்பது அடுத்த கேள்வி. வாசித்தேன்.

“உதுக்கு எழுத ஒண்டுமில்லை” என்றார் அம்மா.

“அவர் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லையோ?”

“நான்தான் வாசல்லை நிண்டனான். அண்ணை சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர். காலமைச் சாப்பாடும் சாப்பிடேல்லை, எங்கை போறியள் எண்டு கேக்க வாய் வந்தது. கேக்கக்கூடாது எண்டு நிண்டிட்டன். பேந்து ஆமிக் காம்ப் காம்பாப் போய் நிக்கேக்கை எல்லாரும் கேட்டது உதைத்தான், எந்தப் பக்கம் போனவர் எண்டு. எனக்கு ஒரு பக்கமும் தெரியாது.”

அம்மா அதைக் கண் கலங்காமல், உயரத்தையும் சேட்டின் நிறத்தையும் சொன்ன அதே குரலில் சொன்னார். நான்தான் பேனையைக் கீழே வைத்தேன். கேட்பது பிழை என்று இருந்தவரைக்கும், அன்றைக்குக் கேளாமல் நின்றதும் பிழையாகாது. எனக்குப் பதினொரு வயதாகும்வரை ஒன்பது வருடமாக அம்மா அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து சமைத்து, என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பியிருக்கிறார். கேளாமல் விட்டால்தான் ஆளைத் துலைக்க வேண்டிவரும் என்று, ஒரு டொக்டரையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, படலையடியில் நின்று நான் சொன்னது அவருக்குத்தான்.